டொப்பேவுக்கு எத்தனை மீசை?

பென்சிலைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆன ஒரு மனிதர், திங்கட்கிழமை காலையில், வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு, "நான் மறுபடியும் வரையப் போறேன்" என்று அறிவித்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எந்த மனைவிக்கும் தெரிந்துவிடும். ஹெர்மினாவுக்குத் தெரியாமல் போகுமா?

வில்லங்கம் என்னவென்றால், மாடியில் இருந்த வடக்கு அறை. பெரிய ஜன்னல். நாள் முழுக்கக் கண் கூசாத வெளிச்சம். ஒரு காலத்தில் ஒடிலோன் அங்கே உட்கார்ந்துதான் டொப்பே வரைந்தார். டொப்பே என்பது ஒரு நீர்நாய். தலையில் தொப்பி, வாயில் ஒற்றைப் பல். படகுத் துறையில் வேலை என்று பெயர். வேலையிலிருந்து தப்பிப்பதுதான் அதன் முழுநேர வேலை. நினோவே ஊர் வாரப்பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் டொப்பே சோம்பேறித்தனம் செய்தது. ஊரே சிரித்தது. ஆறு புத்தகம் வந்தது.

அப்புறம் ஒடிலோனுக்குப் பந்தயப் புறாப் பைத்தியம் பிடித்தது. "ஒரு வாரம் ஓய்வு" என்று பென்சிலைக் கீழே வைத்தார். அந்த ஒரு வாரம்தான் இன்னும் முடியவில்லை. வடக்கு அறையில் இப்போது பதினான்கு புறாக்கூடைகள், மூன்றாம் பரிசுக் கோப்பைகள் ஒன்பது, நடுநாயகமாக ஒரு சோபா. மத்தியானம் பன்றியிறைச்சி சுற்றிச் சுட்ட சிக்கரிக் கீரையைச் சாப்பிட்டுவிட்டு அந்தச் சோபாவில் சாய்ந்தால், நாலு மணிக்குக் காபி வாசனை வந்து எழுப்பும்வரை ஒடிலோன் ஒரு மகாராஜா.

அந்தச் சிம்மாசனத்துக்குத்தான் சனிக்கிழமை ஆபத்து வந்தது.

"அந்த அறையைக் காலி பண்ணுங்க. எனக்கு வேணும்" என்றாள் ஹெர்மினா.

"எதுக்கு?"

"உக்கார."

"கீழ ஆறு நாற்காலி இருக்கே!"

"அந்த ஆறுலயும் உங்க புறாக் கதை காதுல விழுது."

ஒடிலோன் ஞாயிறு முழுக்க யோசித்தார். அறையைக் கேட்கிற மனைவியிடம் "தூங்கணும்" என்று சொல்ல முடியாது. "புறாக்கூடை" என்றாலும் எடுபடாது. ஆனால் "கலை" என்று சொல்லிப் பார்த்தால்? கலைக்கு முன்னால் யார் வாயைத் திறக்க முடியும்? அப்படிப் பிறந்ததுதான் திங்கட்கிழமை அறிவிப்பு.

"மறுபடியும் வரையப் போறீங்களா? எதை?" என்றாள் ஹெர்மினா.

"எதையா? டொப்பேயைத்தான்! அதனால அறை எனக்கு வேணும். கலைஞனுக்கு வடக்கு வெளிச்சம் ரொம்ப முக்கியம்."

சண்டை வரும் என்று மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார் ஒடிலோன். மூன்றும் வீணாய்ப் போயின. ஹெர்மினாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! இதைவிட நல்ல சேதி உண்டா? நான் ஏன் குறுக்க நிக்கப் போறேன்?" என்று அவர் கோப்பையில் இன்னொரு தடவை காபி ஊற்றி, பக்கத்தில் கூடுதலாக ஒரு லவங்கப்பட்டை பிஸ்கட்டையும் வைத்தாள்.

அந்த பிஸ்கட்டைப் பார்த்ததுமே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தக் கூடுதல் பிஸ்கட் இதற்கு முன் இரண்டே முறைதான் வந்திருக்கிறது. முதல் தடவை வந்தபோது மாமியார் வந்து எட்டு மாசம் தங்கினார். இரண்டாவது தடவை, சமையலறைக்குப் பெயின்ட் அடித்தார் ஒடிலோன். ஆனால் அவர் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

"ஒரே ஒரு பேச்சு. டொப்பே வரையறவங்களுக்குத்தான் அந்த அறை. வரைய முடியலேன்னா மூட்டை முடிச்சோட தோட்டத்துக் கொட்டகைக்கு. சம்மதமா?"

"இந்த வீட்டுல என்னை விட்டா வேற யாரு வரையப் போறா? பூனையா?"

"கை குடுங்க."

கை கொடுத்தார். கொடுத்த கையின் சூடு ஆறுவதற்குள் ஹெர்மினா கூடத்தில் தொலைபேசி முன்னால் நின்றாள். "லியொன்டீனா? சந்தோஷமான விஷயம். ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஒரு மேசை சேர்த்துப் போடு. எங்க வீட்டுக்காரர் வர்றாரு. ஆமா, டொப்பேயோடதான்! ஊரெல்லாம் சொல்லிடு."

லியொன்டீன்தான் அந்த வாரப்பத்திரிகையின் ஆசிரியை. வருஷாவருஷம் நடக்கும் சித்திரக்கதைச் சந்தையையும் அவள்தான் நடத்துகிறாள். அந்தச் சந்தையில் வெறும் கையெழுத்துக்கு மரியாதை கிடையாது. புத்தகத்தின் முதல் வெள்ளைப் பக்கத்தில், வாங்குகிறவரின் கண்ணெதிரே, பாத்திரத்தைப் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். அதற்காக ஜனங்கள் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பார்கள். முழங்கால் வலிக்காரர்கள் மடக்கு நாற்காலியோடு வருவார்கள்.

"ஞாயித்துக்கிழமையேவா?" என்றார் ஒடிலோன்.

"ஏங்க, ஆறு நாள் இருக்கே. கடவுள் உலகத்தையே அதுலதான் முடிச்சாரு. உங்களுக்கு ஒரு நீர்நாய்தானே?"

மத்தியானம் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு, கூடைகளுக்கு நடுவில் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பென்சிலைச் சீவினார். தாளை நேராக்கினார். மறுபடி பென்சிலைச் சீவினார். பிறகு வேறு வழியில்லாமல் வரைந்தார்.

பல் முளைத்த ஓர் உருளைக்கிழங்கு வந்தது.

கிழித்துப் போட்டார். அடுத்தது மழையில் நனைந்த பூனை. அதற்கடுத்தது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அது அவரைப் பார்த்து முறைத்தது. கை நன்றாகத்தான் ஓடியது. எங்கே போக வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியவில்லை. டொப்பேவின் பல் இடது பக்கமா, வலது பக்கமா? மீசை மூன்று மூன்றா, நாலு நாலா? தொப்பி எந்தக் காதின் மேல் சரிந்திருக்கும்? வால்? அய்யோ, அதற்கு வால் உண்டா இல்லையா? பத்தொன்பது வருஷம் சோறு போட்ட ஜீவனுக்கு வால் இருந்ததா என்றே ஞாபகம் இல்லாத ஒரு மனுஷன், இருபத்தேழாவது தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "ஹெர்மினா, அலமாரியில இருந்த நம்ம ஆறு புத்தகம் எங்க?"

"சந்தையில கண்காட்சி வெக்கிறாங்கல்ல? லியொன்டீன்கிட்ட குடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களாம். ஏன், மறந்துபோச்சா?"

"மறக்கறதா! அது நான் பெத்த பிள்ளை மாதிரி!"

"அப்படியா? நேத்து ராத்திரி தூக்கத்துல, 'மீசை மூணா நாலா'ன்னு என்னையே கேட்டீங்களே. பெத்த பிள்ளையோட மீசையை யாராவது எண்ணுவாங்களா?"

ஒடிலோன் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஃபொன்ஸிடம் போனார்.

ஃபொன்ஸ் அவருடைய உயிர் நண்பர். புறாப் பந்தயத்தில் உயிர் எதிரி. இருவருக்கும் ஒரே வயது, ஒரே அளவு தொந்தி, சேர்ந்து வாங்கிய ஒரே மாதிரிக் கட்டம் போட்ட கழுத்துத்துணி.

"என்னய்யா, மறுபடியும் வரையறியாமே? ரொட்டிக்கடையில பேச்சு அடிபடுது" என்றார் ஃபொன்ஸ்.

"ஆமாமா. சும்மா கேக்கறேன், உன்கிட்ட என் புத்தகம் எதாவது இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு கோழிக்கூண்டு ஆடாம இருக்க அடியில முட்டுக் குடுத்திருக்கேன். உன் புத்தகம் எதுக்காவது உபயோகப்படாம இருக்குமா?"

இன்னொன்று வந்தது. ஒடிலோன் ஆவலோடு முதல் பக்கத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சந்தையில் ஃபொன்ஸுக்காக வரைந்து கொடுத்த டொப்பே அங்கே இருந்தது. முழு உருவம். ஒற்றைக் காலில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. வாலைச் சுருட்டி, அதன் நுனியில் ஒரு பீர்க் குவளையைத் தூக்கிப் பிடித்திருந்தது. பல் வலப்பக்கம், மீசை நாலு நாலு. பார்த்தாலே சிரிப்பு வந்தது. அடியில் "வேலை வெட்டியில்லாத ஃபொன்ஸுக்கு, டொப்பேவின் அன்பு" என்று எழுதியிருந்தது.

புத்தகத்தின் உள்பக்கங்களைப் புரட்டினார். அச்சில் இருந்த டொப்பே எல்லாக் கட்டத்திலும் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தது. கால் வரையச் சோம்பல்பட்டு அவர் கண்டுபிடித்த உபாயம் அது, இப்போதுதான் ஞாபகம் வந்தது. பல் இடப்பக்கம். மீசை மூன்று மூன்று. சிரிப்பே இல்லை, உம்மென்று இருந்தது.

"இந்த முதல் பக்கத்துப் படத்தை நான் எப்ப வரைஞ்சேன்?"

ஃபொன்ஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூக்கைச் சொறிந்தார். "அது... சந்தையில வாங்கினதுய்யா. நீ ஹெர்மினாகிட்ட கேளேன்."

"அவகிட்ட எதுக்கு?"

"சும்மாத்தான். பொம்பளைங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஃபொன்ஸ் அவசரமாகக் கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒடிலோனுக்குக் குழப்பம் தலைக்கேறியது. இரண்டு டொப்பே இருந்தால் எது நிஜம்? இரண்டுமே தான் வரைந்ததுதானே? ஆடுகிற டொப்பேயை வரைந்ததாக அணுவளவும் நினைவில்லையே? சந்தை நாட்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மேசை ஞாபகம் வந்தது. வரிசை ஞாபகம் வந்தது. "ஹெர்மினா, இதோ அஞ்சே நிமிஷம், தொண்டையை நனைச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்தது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் கறுப்பு பீர் மட்டும்தான் ஞாபகம் வந்தது. நல்ல பீர். பீர் மேசையில் புறாக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஆயிரம் பிரதி அச்சானதுதான் சட்டம். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கழுத்தளவுத் தண்ணீரில் கிடக்கும் டொப்பேயைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். சனிக்கிழமை மாலை பார்க்காமலே வந்தது. இடப்பக்கப் பல், மூன்று மீசை, அலை அலையாய்த் தண்ணீர். சோபாவைத் தட்டிக் கொடுத்து, "பயப்படாதே, நம்மளை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. ஒடிலோன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். ஹெர்மினா எப்போதும்போலப் பக்கத்தில், மடியில் கைப்பையோடு.

வரிசையில் முதல் ஆள் ரெமி, ஓய்வு பெற்ற தபால்காரர். கையில் ஆறாவது புத்தகம். ஒடிலோன் ஒரே மூச்சில் வரைந்து கொடுத்தார். ரெமி கண்ணாடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"இது யாரு?"

"டொப்பே."

"டொப்பேயா? தண்ணியில முங்கிச் செத்துப்போன அவனோட அண்ணன் மாதிரியில்ல இருக்கு?"

"நல்லாப் பாருய்யா! தொப்பி, பல்..."

"பல்லு இந்தப் பக்கம்." ரெமி பையிலிருந்து பழைய ஐந்து புத்தகங்களையும் எடுத்து, முதல் பக்கங்களை விரித்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஐந்திலும் டொப்பே ஆடிக்கொண்டிருந்தது. ஐந்திலும் பல் வலப்பக்கம். "இதுல ஒண்ணைப் பிரதி எடுத்துக் கட்டிலுக்கு மேல மாட்டியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற கன்னியாஸ்திரீ எட்டிப் பார்த்தார். "என் டொப்பே சிரிக்கும். இது ஏன் பாவமன்னிப்புக் கேக்க வந்த மாதிரி இருக்கு?"

"வால் எங்க?" என்றது ஒரு குரல்.

"தண்ணிக்குள்ள இருக்கு!" என்றார் ஒடிலோன்.

"தண்ணியை எடுத்துட்டு வரைங்க!"

லியொன்டீன் வந்து பார்த்தாள். "ஒடிலோன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன? நான்தானே இவனை உண்டாக்கினவன்! புத்தகத்துக்குள்ள பாருங்க, அங்க எப்படி இருக்கு?"

"உள்ள யாரு பாத்தா?" என்றார் ரெமி. "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கும். நாங்க புத்தகம் வாங்கறதே முதல் பக்கத்துக்குத்தான்."

அறை போயிற்று. சோபா போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. தன் சொந்த டொப்பேயைத் தானே வரைந்து கொடுத்து, அதைப் போலி என்று ஊர் சொல்கிறது. கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. எதுவும் புரியாதபோது எப்போதும் செய்வதையே செய்தார்.

"ஹெர்மினா, அஞ்சே நிமிஷம். தொண்டையை நனைச்சுட்டு..."

எழுந்ததுதான் தாமதம், வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பாடா! கிளம்பிட்டாரு!" என்றார் ரெமி. மடக்கு நாற்காலிக்காரர்கள் நாற்காலியை முன்னால் நகர்த்தினார்கள்.

பீர் மேசைவரை பாதி தூரம் போன ஒடிலோன் நின்றார். திரும்பினார். அவருடைய நாற்காலியில் ஹெர்மினா உட்கார்ந்திருந்தாள். கைப்பையிலிருந்து அவளுடைய சொந்தப் பேனா வெளியே வந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் இருந்த டொப்பேவுக்குப் பக்கத்திலேயே அவள் கை ஒரு சுழற்று சுழற்றியது. தொப்பி, வலப்பக்கப் பல், நாலு மீசை, சுருட்டிய வால். தபால் பையை வாலில் மாட்டிக்கொண்டு டொப்பே குதித்தது.

"இவன்தான்யா டொப்பே!" என்று கத்தினார் ரெமி. கன்னியாஸ்திரீ கை தட்டினார்.

ஒடிலோன் மெதுவாக மேசைக்குத் திரும்பி வந்தார்.

"ஹெர்மினா... இது எவ்வளவு நாளா?"

"முதல் சந்தையிலேர்ந்து." பேனா நிற்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னீங்க. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

வரிசை சிரித்தது. ஒடிலோனுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டொப்பேயைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அதுதான் ரொம்ப வலித்தது. தான் வரைந்த டொப்பே பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படிச் சிரித்ததில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

இருந்தாலும் சோபாவை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடியுமா? குனிந்து அவள் காதில் சொன்னார்: "சரி, ஊர் டொப்பேன்னு ஒத்துக்கிச்சு. நம்ம மேசை, நம்ம டொப்பே. அப்ப அறை எனக்குத்தானே?"

"டொப்பே வரையறவங்களுக்குன்னு கை குடுத்தோம். வரைஞ்சது யாரு? பூனையா?"

லியொன்டீன் குறுக்கே வந்தாள். "அறை இன்னுமா காலி ஆகல? ஹெர்மினா, ஆறு வாரத்துக்குப் படம் குடுத்துட்டே, சரி. ஏழாவது வாரத்தையும் அடுப்பங்கரையில வெங்காயத்துக்கு நடுவுலதான் வரையப் போறியா? கடைசிப் பக்கம் முழுக்க வெங்காய வாசனை வருது."

"ஆறு வாரமா?" என்றார் ஒடிலோன்.

"வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து பத்திரிகையில டொப்பே மறுபடி வருது. உங்க வீட்டுல உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

ஒடிலோன் பீர் மேசையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கே போகத் தோன்றவில்லை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடிக்கொள்ள முயன்ற புத்தகங்களை விரித்துப் பிடித்துக்கொண்டார். நூற்றுப் பத்துப் பேர். கை மரத்துப்போயிற்று.

திங்கட்கிழமை பதினான்கு கூடைகளும் ஒன்பது கோப்பைகளும் கொட்டகைக்குக் குடிபோயின. சோபா மாடிப்படியில் சிக்கிக்கொண்டது, அதைக் கோழிக்கூண்டு ஃபொன்ஸ் வந்துதான் தள்ளிவிட்டார். வடக்கு ஜன்னலோரம் ஹெர்மினாவின் மேசை வந்தது. கதவோரம் ஒடிலோனுக்கு ஒரு முக்காலி. பென்சில் கோட்டை ரப்பரால் அழிப்பது, கறுப்பு அடிக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அடிப்பது, இரண்டும் அவர் பொறுப்பு.

"கோட்டைத் தாண்டாதீங்க."

"எனக்கா சொல்ற? நான் பத்தொன்பது வருஷம்..."

"தாண்டிட்டீங்க."

டொப்பேவுக்கு இப்போது ஒரு கூட்டாளியும் வந்துவிட்டது. தொந்தி பெருத்த ஒரு புறா. கட்டம் போட்ட கழுத்துத்துணி. முதல் கட்டத்தில் "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோகும். டொப்பே முக்கி முனகி எல்லா வேலையையும் முடித்த பிறகு, கடைசிக் கட்டத்தில் வந்து, "அட, முடிஞ்சுபோச்சா?" என்று கேட்கும். வந்த வாரமே ஊர் அந்தப் புறாவைக் கொண்டாடியது. ரொட்டிக்கடையில், தபால் நிலையத்தில், தேவாலயத்து வாசலில், ஒடிலோனைக் கண்டவர்கள் எல்லாம் "அஞ்சே நிமிஷம்!" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

மூன்றாவது வாரம், புறாவின் கழுத்துத்துணியில் கட்டம் கட்டமாகக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தவர் தூரிகையை நிறுத்தினார். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"ஹெர்மினா, இந்தப் புறாவை நான் எங்கயோ பாத்திருக்கேன். பொறு, சொல்லாதே... அந்தத் தொந்தி, அந்தக் கழுத்துத்துணி... நம்ம ஃபொன்ஸ்தானே?"

"அவரேதான். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதே" என்றாள் ஹெர்மினா. காபியை அவர் பக்கம் நகர்த்தி, கூடுதலாக ஒரு பிஸ்கட்டையும் வைத்தாள்.